குழந்தைகளின் தோளில் ஏற்றாதீர்கள்

"குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்தில்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நல்ல பழமொழிதான். ஆனால் என் வயதுக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் அதை வைத்து நடக்கும் ஒரு காரியம் எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இஸ்ரேலில் குண்டு வெடித்தாலோ, காசாவில் வீடுகள் இடிந்தாலோ, இரண்டொரு நாளில் ஒரு படம் தவறாமல் வந்து சேரும். இரண்டு சிறுவர்கள் தோளில் கை போட்டுக்கொண்டு நமக்கு முதுகைக் காட்டியபடி நடந்து போகிறார்கள். ஒருவன் தலையில் யூதர்களின் சிறு குல்லா. இன்னொருவன் தலையில் பாலஸ்தீனர்களின் கட்டம் போட்ட துணி. கீழே ஒரு வாசகம்: "பெரியவர்களுக்குக் குழந்தைகள் பாடம் நடத்துகிறார்கள்." அதற்குக் கீழே இருபது கைகூப்பல்கள்.

அந்தப் படத்தின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1993-இல் ஓஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தான சமயத்தில், கனடாவின் மெக்லீன்ஸ் பத்திரிகைக்காக ரிக்கி ரோஸன் என்ற புகைப்படக்காரர் ஜெருசலேமில் எடுத்தது. பல வருடங்கள் கழித்து அது இணையத்தில் உலகம் முழுக்கச் சுற்றியபோதுதான் விவரம் வெளியே வந்தது. அந்த இரண்டு சிறுவர்களுமே யூதர்கள். ஒருவனுக்குக் குல்லாவும் மற்றவனுக்குத் துணியும் போட்டு, ஒரு கருத்துக்கான சித்திரமாக எடுத்த படம் அது. புகைப்படக்காரரும் அதை மறைக்கவில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. அதை உண்மை நட்பின் சாட்சியாக நினைத்து, பார்த்துக் கண் கலங்கி, அடுத்தவருக்கு அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று காப்பி குடிக்கப் போகிறோமே, நம்மைத்தான் சொல்கிறேன்.

"குழந்தைகளுக்குப் பகை தெரியாது. அவர்களிடம் விட்டுவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்." இந்தப் பேச்சு கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் உண்மை இல்லை. முப்பத்திரண்டு வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன் சொல்கிறேன். ஜூன் மாதம் ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கு உட்காரச் சொல்லிப் பாருங்கள். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காரும். ஒரே தொடக்கப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் இன்னொரு பெஞ்சில். சாப்பாட்டு மணி அடித்தால் டிபன் பாக்ஸ்களும் அதே வட்டங்களில்தான் திறக்கும். பகையால் அல்ல, பழக்கத்தால். வாத்தியார் இடம் மாற்றி உட்கார வைத்து, சேர்ந்து செய்யும்படி வேலை கொடுத்து, சண்டை வந்தால் இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்த்து வைத்தால், அரைப் பரீட்சைக்குள் வட்டங்கள் கலைய ஆரம்பிக்கும். ஒரே மொழி பேசும் பிள்ளைகளுக்கே இவ்வளவு வேலை இருக்கிறது.

இஸ்ரேலில் நிலைமை என்ன? அந்த நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ 21 சதவீதம் பேர் அரபு மக்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்நாட்டில் ஓட்டுரிமை உள்ள குடிமக்கள். மேற்குக் கரையிலும் காசாவிலும் இருப்பவர்களின் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன். இந்தக் குடிமக்களின் பிள்ளைகளும் யூதப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்குப் போவதில்லை. யூதர்களிலேயே பொதுப் பள்ளி, மதம் சார்ந்த அரசுப் பள்ளி, தீவிர ஆசாரக்காரர்களின் பள்ளி என்று மூன்று வகை. அரபுப் பிள்ளைகளுக்கு நான்காவது வகை. பாடத்திட்டம் வேறு, ஆசிரியர்கள் வேறு, மொழி வேறு. அரபுப் பிள்ளைகள் ஹீப்ருவைக் கட்டாயம் கற்கிறார்கள், இல்லாவிட்டால் வேலை கிடைக்காது. யூதப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அரபியில் நாலு வாக்கியம் பேச வராது. பத்துக் கிலோமீட்டர் தள்ளி வசிக்கும் இரண்டு பிள்ளைகள் முதல்முறையாக நேருக்கு நேர் பேசுவது கல்லூரியிலோ, வேலையிலோ, ஆஸ்பத்திரி வார்டிலோதான். அந்த வயதில் அவரவர் மனசில் எழுத வேண்டியதெல்லாம் எழுதி முடித்தாகிவிட்டது.

மேற்குக் கரைப் பிள்ளைகளுக்கு இதுவும் இல்லை. பாலஸ்தீன நிர்வாகத்தில் உள்ள ஊர்களுக்குள் இஸ்ரேலியர்கள் போகக் கூடாது என்று சாலையோரத்தில் சிவப்புப் பலகையே இருக்கிறது. அங்கிருந்து இந்தப் பக்கம் வருவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 2001-இல் வந்த 'பிராமிஸஸ்' என்ற ஆவணப்படத்தில் ஜெருசலேமின் யூத இரட்டையர்கள் இருவர் தெஹைஷா அகதி முகாமுக்குப் போய் அங்குள்ள பையன்களோடு ஒரு நாள் முழுக்க விளையாடிச் சாப்பிடுகிறார்கள். அருமையாகப் பழகுகிறார்கள். அன்று சாயங்காலமே அந்த முகாம் பையன் அழுகிறான். படம் எடுப்பவர் ஊரைவிட்டுப் போனால் இந்த நட்பும் போய்விடும் என்பது அந்த வயதிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படித்தான் ஆயிற்று. பிள்ளைகளிடம் அன்புக்குக் குறைவில்லை. நடுவில் சோதனைச் சாவடி இருந்தது. அதை வைத்தது பிள்ளைகள் இல்லையே.

"சரி சார், பக்கத்துப் பக்கத்து வீட்டில் வசித்தால் தானாகப் பழகிவிட மாட்டார்களா?" என்று கேட்கலாம். லோத், அக்கோ போன்ற ஊர்களில் யூதர்களும் அரபு மக்களும் ஒரே ஊரில், சில இடங்களில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் வசிக்கிறார்கள். 2021 மே மாதத்தில் அந்த ஊர்களில்தான் வீடுகளும் கார்களும் வழிபாட்டு இடங்களும் எரிந்தன. மாடிப்படியில் தினமும் எதிர்ப்பட்டவர்கள்தான் ஒருவருக்கொருவர் பயந்து கதவைத் தாழிட்டார்கள். கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இலேயே இதை எழுதிவிட்டார். இரண்டு கூட்டங்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. சமமான அந்தஸ்து வேண்டும், பொதுவான குறிக்கோள் வேண்டும், போட்டி போடாமல் கூடிச் செய்யும் வேலை வேண்டும், மேலிடத்தின் ஆதரவு வேண்டும் என்றார். இந்த நான்கில் எதைக் குழந்தை தானாக ஏற்பாடு செய்துகொள்ள முடியும்? நான்குமே பெரியவர்கள் செய்து கொடுக்க வேண்டியவை.

அப்படிச் செய்து கொடுத்த பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள். நமக்கு வரும் ஃபார்வர்டுகளில் அவர்கள் பெயர் இருப்பதில்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

ஜெருசலேமுக்கும் டெல் அவிவுக்கும் நடுவே ஒரு குன்றின் மேல் ஒரு கிராமம் இருக்கிறது. ஹீப்ருவில் நேவே ஷாலோம், அரபியில் வாஹத் அல்-சலாம். இரண்டுக்கும் அமைதிச் சோலை என்று பொருள். எகிப்தில் யூதக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கப் பாதிரியார் ஆன புரூனோ ஹுஸ்ஸார் என்பவர் பக்கத்து மடத்தின் நிலத்தைக் குத்தகைக்கு வாங்கி ஆரம்பித்தது. யூத, அரபுக் குடும்பங்கள் வேண்டுமென்றே சேர்ந்து வாழும் ஊர். அங்கே 1984-இல் இரு மொழித் தொடக்கப் பள்ளி தொடங்கினார்கள்.

பிறகு 1997-இல் அமீன் கலாஃப் என்ற அரபு ஆசிரியரும் லீ கார்டன் என்ற யூதரும் சேர்ந்து 'கையோடு கை' என்று பொருள்படும் 'ஹேண்ட் இன் ஹேண்ட்' அமைப்பை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டே ஜெருசலேமிலும் வடக்கே கலிலேயாவிலும் பள்ளிகள் திறந்தன. 2004-இல் கஃப்ர் கரா என்ற அரபு ஊரில் ஒரு பள்ளி வந்தது. யூதப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை அரபு ஊருக்குப் படிக்க அனுப்பினார்கள். இது சாதாரண விஷயம் இல்லை. கீழ் வகுப்புகளில் ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் யூதர், ஒருவர் அரபு. ஒவ்வொருவரும் அவரவர் மொழியில் பேசுவார்கள். அடுத்தவர் சொன்னதை மொழிபெயர்த்துக் கொடுத்துவிடக் கூடாது, பிள்ளை தானே எட்டிப் பிடிக்க வேண்டும். மூன்று மதப் பண்டிகைகளும் உண்டு. இதற்கெல்லாம் இரட்டைச் சம்பளம் வேண்டும். அரசு கொடுப்பது சாதாரணப் பள்ளிக்கு உள்ளது. மீதியைப் பெற்றோர் கட்டணமும் வெளி நன்கொடையும் சுமக்கின்றன.

இவ்வளவும் செய்து, அந்த அமைப்பின் ஆறு பள்ளிகளிலும் சேர்த்துப் படிப்பவர்கள் சுமார் 2,000 பேர். அந்நாட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் 20 லட்சத்துக்கும் மேல். ஆயிரத்துக்கு ஒருவர் என்ற கணக்குக்கூடத் தேறாது. அதனால்தான் "குழந்தைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. எந்தக் குழந்தைகள்? ஆயிரத்தில் ஒன்றா?

அந்தப் பள்ளிகளுக்குள்ளும் எல்லாம் தேன் ஒழுகவில்லை. ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ஸ்வி பெக்கர்மன் என்ற பேராசிரியர் பல வருடங்கள் அந்த வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். விளையாட்டு மைதானத்தில் பேச்சு ஹீப்ருவுக்கே சாய்கிறது. அரபுப் பிள்ளை இரண்டு மொழியிலும் தேறுகிறது. யூதப் பிள்ளைக்கு அரபி அரைகுறை. பள்ளி எவ்வளவு பாடுபட்டாலும் வாசலைத் தாண்டியதும் கடை, பஸ், டிவி எல்லாம் எந்த மொழி பெரியது என்று சொல்லிக்கொடுக்கின்றன. போதாததற்கு 2018-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, ஆங்கிலேயர் காலத்திலிருந்து ஆட்சி மொழியாக இருந்த அரபியை "சிறப்பு அந்தஸ்து" என்று கீழே இறக்கியது. ஆறு வயதுப் பிள்ளையிடம் "உன் நண்பனின் மொழியும் உன் மொழியும் சமம்" என்று டீச்சர் சொல்கிறார். நாட்டின் சட்டம் "இல்லை" என்கிறது. பிள்ளை யாரை நம்பும்?

மே மாதம் இன்னும் கஷ்டம். 1948 மே 14 அன்று இஸ்ரேல் பிறந்தது. யூதப் பிள்ளையின் வீட்டில் அது கொண்டாட்டம். அரபுப் பிள்ளையின் வீட்டில் அது நக்பா, அதாவது பேரழிவு. ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்த நினைவு. ஒரே பெஞ்சில் இருக்கும் இருவரில் ஒருவனின் தாத்தா பிழைத்து வந்து சேர்ந்த நாடு, மற்றவனின் தாத்தா விரட்டப்பட்ட நாடு. இந்தப் பள்ளிகள் இரண்டு கதையையும் ஒரே கூரையின் கீழ் சொல்லிப் பார்க்கின்றன. ஆனால் 2011-இல் வந்த ஒரு சட்டப்படி, சுதந்திர நாளைத் துக்க நாளாக அனுசரிக்கும் நிறுவனங்களுக்கு அரசுப் பணத்தை வெட்டலாம். பேசத் துணிகிற தலைமை ஆசிரியரின் தலைக்கு மேல் அந்தக் கத்தியும் தொங்குகிறது.

2014 நவம்பர் 29 இரவு ஜெருசலேம் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு அறைக்குத் தீ வைத்தார்கள். சுவரில் "அரபுகளுக்குச் சாவு" என்றும், சேர்ந்து வாழ்வதைப் புற்றுநோயோடு சேர்த்தும் எழுதிவிட்டுப் போனார்கள். தீவிர யூதக் குழு ஒன்றைச் சேர்ந்த மூன்று பேர் பிடிபட்டுத் தண்டனை பெற்றார்கள். சனிக்கிழமை இரவு எரிந்தது. அங்கே ஞாயிறு பள்ளி நாள். மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். அந்த டிசம்பரில் அப்பள்ளியின் யூத மாணவி ஒருவரும் அரபு மாணவி ஒருவரும் சேர்ந்து வெள்ளை மாளிகையில் ஹனுக்கா விளக்கு ஏற்றியதைப் பலர் படித்திருப்பீர்கள். விளக்கு ஏற்றியது செய்தி ஆயிற்று. மறுநாள் காலையில் வீட்டு வாசலில் நின்று, பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்து, பிறகு கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போன அப்பா அம்மாக்கள் செய்தி ஆகவில்லை. எனக்கு அவர்கள்தான் பெரிதாகத் தெரிகிறார்கள்.

இப்போது மறுதரப்பு. இரண்டு விதமான ஆட்கள் இந்தப் பள்ளிகளைக் கேலி செய்கிறார்கள்.

முதல் வகையினர், "பதினெட்டு வயதில் யூதப் பையன் ராணுவத்துக்குப் போய்விடுவான், அப்புறம் என்ன நட்பு?" என்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். யூத இளைஞர்களில் பெரும்பாலோருக்கு, ஆண் பெண் இருவருக்கும், ராணுவ சேவை கட்டாயம். முஸ்லிம், கிறிஸ்தவ அரபு இளைஞர்களுக்கு இல்லை. பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவள் சீருடை போட்டுக்கொண்டு ஒரு சோதனைச் சாவடியில் நிற்கலாம். அந்தச் சாவடியில் இவளுடைய சித்தப்பா வரிசையில் நிற்கலாம். இதற்கு எந்தப் பள்ளியிடமும் விடை கிடையாது. விடை சொல்ல வேண்டியது, அந்தச் சாவடி எதற்கு, இன்னும் எத்தனை காலம் என்று தீர்மானிக்கிறவர்கள்.

இரண்டாம் வகையினரின் வாதம் இன்னும் கூர்மையானது. இந்த நட்பெல்லாம் மயக்க மருந்து, அரபுப் பிள்ளையின் நியாயமான கோபத்தை மழுங்கடிக்கத்தான் உதவும் என்கிறார்கள். இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. தமார் சாகி என்ற இஸ்ரேலிய ஆய்வாளரும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இது தெரிகிறது. யூதர்களோடு இனிமையாகப் பழகிய அரபு மக்கள் யூதர்களை நியாயமானவர்கள் என்று அதிகம் நம்பினார்கள். நிலைமையை மாற்ற வேண்டும் என்ற உறுதி அவர்களிடம் குறைவாக இருந்தது. சிரித்துப் பேசுவது மட்டுமே நட்பு என்று ஆனால், அது பலவீனமான பக்கத்துக்கு நஷ்டமாகவே முடியும்.

இதற்கு ஒரு சாட்சியும் உண்டு. 1993-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 'சீட்ஸ் ஆஃப் பீஸ்' என்ற கோடை முகாமை ஆரம்பித்தார்கள். இரு தரப்புப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் ஒன்றாகத் தங்க வைப்பார்கள். அதில் கலந்துகொண்ட 17 வயது அரபு மாணவர் ஒருவர், இஸ்ரேலியக் குடிமகன், 2000 அக்டோபரில் போலீஸ் சுட்டதில் தன் ஊரில் இறந்தார். அப்போது அவர் அணிந்திருந்தது அந்த அமைதி முகாமின் பச்சைச் சட்டை. அவருக்கு யூத நண்பர்கள் நிறைய. அந்த மாதம் இறந்த பதின்மூன்று பேருக்காகவும் எந்தப் போலீஸ்காரர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. நண்பர்கள் அழுதார்கள். அழத்தான் அவர்களால் முடிந்தது.

அப்படியானால் நட்பே வீணா? இல்லவே இல்லை. அதே முகாமைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்து 2014-இல் எழுதினார்கள். முகாமில் எதிர்த்தரப்பில் ஒரே ஒரு நெருங்கிய நண்பரைச் சம்பாதித்த பிள்ளைக்கு, எதிர்த்தரப்பு முழுவதன் மீதும் எண்ணம் மாறியிருந்தது. ஊருக்குத் திரும்பி, சுற்றிலும் பழைய பேச்சே கேட்டுக்கொண்டிருந்தும், பல மாதங்கள் கழித்தும் அதில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தது. ஒரே ஒரு நண்பர் போதுமாக இருந்தது. 2023 அக்டோபர் 7-ஆம் தேதி இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு காசாவில் பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், அதில் குழந்தைகள் ஏராளம். அந்த நாட்களுக்குப் பிறகும் இந்த இரு மொழிப் பள்ளிகள் மறுபடி கதவைத் திறந்தன. இறந்தவர்கள் இரு பக்கமும் இருக்க, ஒரே அறையில் இரண்டு ஆசிரியர்கள் நின்று பாடம் நடத்தினார்கள். நாடு முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மறுத்த மாதங்களில் அது சின்னக் காரியமா?

நான் சொல்வது இதுதான். நட்பு நல்ல விதை. நிலத்தை உழுவதும் வரப்பு கட்டுவதும் தண்ணீர் விடுவதும் விதையின் வேலை கிடையாது.

வட அயர்லாந்தைப் பாருங்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் புராட்டஸ்டன்ட் பிள்ளைகளுக்கும் அங்கே தனித்தனிப் பள்ளிகள். 1981-இல், உண்ணாவிரதச் சாவுகளும் குண்டுகளுமாக இருந்த வருடத்தில், பெல்ஃபாஸ்டில் சில பெற்றோர்கள் சேர்ந்து 28 பிள்ளைகளோடு லகன் கல்லூரி என்ற கலப்புப் பள்ளியை ஆரம்பித்தார்கள். 1989-இல் அரசாங்கம் சட்டம் போட்டு, இப்படிப்பட்ட பள்ளிகளை ஊக்குவிப்பது கல்வித் துறையின் கடமை என்றது. 1998-இல் தலைவர்கள் உட்கார்ந்து அமைதி ஒப்பந்தம் போட்டார்கள். அப்படியும் இன்றுவரை அங்கே கலப்புப் பள்ளிகளில் படிப்பவர்கள் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. ஆனால் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அதைச் செய்தது 28 பிள்ளைகள் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பெரியவர்களும், அதற்கு ஓட்டுப் போட்ட பெரியவர்களும்தான். பிள்ளைகள் அந்த ஒப்பந்தத்துக்குள் வாழ்ந்து காட்டினார்கள்.

ஆகவே என் வயதொத்த நண்பர்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யூதக் குழந்தையும் அரபுக் குழந்தையும் கைகோத்த படம் வந்தால், உருகுவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். இவர்கள் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள்? இவர்களை ஒரே வகுப்பில் வைக்க யார் பணம் கொடுக்கிறார்கள்? மே மாதம் இவர்களின் டீச்சர் என்ன சொல்லப் போகிறார்? பதினெட்டு வயதில் இவர்கள் எங்கே நிற்பார்கள்? நாலில் ஒன்றுக்குக்கூடக் குழந்தை பதில் சொல்ல முடியாது. நாலும் பெரியவர்களின் கணக்கில் இருக்கும் பாக்கி.

"நம்மால் முடியவில்லை, அடுத்த தலைமுறை பார்த்துக்கொள்ளும்" என்பது நம் வயதில் சுலபமாக வாயில் வரும் வாக்கியம். பணிவு போலத் தோன்றும். உண்மையில் அது கடனை எட்டு வயதுப் பேரன் பெயரில் எழுதி வைப்பது. ஜெருசலேமிலோ காசாவிலோ பிறந்த பிள்ளைக்கு விளையாடவும், சண்டை போடவும், வேண்டாதவனோடு "காய்" விடவும் உரிமை உண்டு. ஒரு தேசத்தின் மனசாட்சியாக இருந்தே தீர வேண்டும் என்று அதை யாரும் நியமிக்கவில்லை. சட்டத்தை மாற்றுவதும், சாவடியைப் பற்றி முடிவெடுப்பதும், பள்ளிக்குப் பணம் ஒதுக்குவதும் ஓட்டுப் போடுகிறவர்களின் வேலை. அதை முதலில் அவர்கள் செய்யட்டும். யாரோடு தோளில் கை போட்டு நடப்பது என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.